ஏபி தேர்வுக் கட்டணத்தைப் பள்ளியே கட்ட வேண்டுமா?

தாமிரபரணி:

எங்கள் பள்ளி மாவட்டத்தில் (ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) அடுத்த ஆண்டு பட்ஜெட் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லும் கூட்டம் வருகிறது. ஏபி (Advanced Placement, உயர்நிலைப் பள்ளியிலேயே நடத்தும் கல்லூரி நிலைப் பாடம்) தேர்வுக் கட்டணத்தை மாவட்டமே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அங்கே பேசலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன்னால் இங்கே உங்களிடம் கேட்டுவிடுகிறேன். அமெரிக்காவில் வேறு வேறு மாநிலங்களில் இருக்கிறீர்கள், ஆசிரியர்களும் இருக்கிறீர்கள்.

எங்கள் நிலவரம்: ஒரு தேர்வுக்கு 99 டாலர். மகள் பதினொன்றாம் வகுப்பு, நான்கு ஏபி பாடம். ஆக 396 டாலர். பள்ளி நவம்பர் நடுவுக்குள், தேர்வை நடத்தும் காலேஜ் போர்டுக்கு ஆர்டர் அனுப்பியாக வேண்டும் என்பதால் அக்டோபரிலேயே பணத்தைக் கேட்டுவிடுகிறார்கள். தேர்வு நடப்பதோ மே மாதம். நாங்கள் கட்டிவிட்டோம், எங்களுக்குச் சிரமம் இல்லை.

என்னை உறுத்துவது மகளுடைய தோழியின் விஷயம். அந்தப் பெண் மூன்று ஏபி பாடம் எடுத்திருக்கிறாள். ஒரே ஒரு தேர்வுக்குத்தான் பெயர் கொடுத்திருக்கிறாள். எதை வைத்து அதைத் தேர்ந்தெடுத்தாய் என்று என் மகள் கேட்டதற்கு, "எதில் கண்டிப்பாக 4 வருமோ அது மட்டும்" என்றாளாம் (மதிப்பெண் 1 முதல் 5 வரை). பாடம் ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில் ஒரு பதினாறு வயசுப் பிள்ளை இந்தக் கணக்கைப் போட வேண்டியிருக்கிறது. அவள் அப்பாவுக்கு உணவகத்தில் வேலை, அம்மாவுக்குப் பகுதிநேர வேலை. கட்டணச் சலுகைக்கான வருமான வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டார்கள். அதனால் முழுத் தொகை.

புத்தகம் பள்ளி தருகிறது, பஸ் பள்ளி விடுகிறது, ஆசிரியருக்குச் சம்பளம் மாவட்டம் கொடுக்கிறது. அந்தப் பாடத்தின் கடைசி மூன்று மணி நேரத்துக்கு மட்டும் ஏன் பெற்றோர் பர்ஸைத் திறக்க வேண்டும்? உங்கள் ஊரில் எப்படி?

ராலேவாசி:

இங்கே வடகரோலினாவில் 2014-15 கல்வியாண்டிலிருந்து மாநில அரசே கட்டிவிடுகிறதுங்க. அரசுப் பள்ளியில் ஏபி பாடம் எடுக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும். வருமானச் சான்று, படிவம் எதுவும் கிடையாது. பெரியவனுக்கும் சின்னவளுக்கும் சேர்த்து இதுவரை நாங்கள் ஒரு டாலர்கூடக் கட்டவில்லை.

ஃப்ளோரிடாவிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கட்டத் தேவையில்லை. அங்கே இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒரு மாணவர் 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் பள்ளிக்கு மாநில நிதிக் கணக்கில் கூடுதல் ஒதுக்கீடு, பாடம் நடத்திய ஆசிரியருக்கு மாணவர் ஒருவருக்கு 50 டாலர் ஊக்கத்தொகை. ஆர்கன்சாஸும் எல்லாருக்கும் கட்டுகிற மாநிலம்தான். நீங்கள் கேட்பது நடக்காத காரியம் ஒன்றும் இல்லை, தைரியமாகப் பேசுங்கள்.

கரிசல்:

நான் மாற்றுக் கருத்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாடத்தையும் தேர்வையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஏபி பாடம் எடுத்தாலே பெரும்பாலான பள்ளிகளில் ஜிபிஏ-வில் (எல்லாப் பாடங்களின் மதிப்பெண் சராசரி) கூடுதல் மதிப்புக் கிடைத்துவிடுகிறது. மதிப்பெண் பட்டியலிலும் அந்தப் பாடத்தின் பெயர் வந்துவிடுகிறது. தேர்வு எழுதினால் கிடைப்பது கல்லூரி கிரெடிட், அதாவது கல்லூரியில் அந்தப் பாடத்தை முடித்ததாகக் கணக்கு. அது அந்த மாணவருக்கும் அவர் குடும்பத்துக்கும் கிடைக்கிற தனிப்பட்ட லாபம். அதை ஏன் ஊர் வரிப்பணத்தில் வாங்கித்தர வேண்டும்?

அந்த லாபமும் எல்லாருக்கும் நிச்சயம் கிடையாது. டார்ட்மத் 2014-ல் சேர்ந்தவர்களிலிருந்து ஏபி-க்கு கிரெடிட் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. பெரிய பெயருள்ள தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதே நிலைதான், மேல்நிலைப் பாடத்தில் நேரே சேரலாம் என்பார்கள், கிரெடிட் தரமாட்டார்கள். அங்கே போகப்போகிற வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து மாவட்டம் 99 டாலர் அழ வேண்டுமா?

ஒரு பள்ளியில் 800 தேர்வு எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 79,200 டாலர். ஒரு தேர்வுக்கு 9 டாலர் பள்ளி தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்பதால் 72,000. கிட்டத்தட்ட ஓர் ஆசிரியரின் ஆண்டுச் சம்பளம். வாசிப்பில் பின்தங்கிய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியரா, ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்களுக்குத் தேர்வுக் கட்டணமா என்று கேட்டால் நான் முன்னதைத்தான் சொல்வேன். ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டுங்கள், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. எல்லாருக்கும் கட்டுவது சரியில்லை.

பாலாறு:

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், கூட்டத்தில் பேசும்போது உதவும்.

கலிபோர்னியாவில் அரசுப் பள்ளி இலவசம் என்பது மாநில அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. 1984-ல் ஹார்ட்செல் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், இசை, விளையாட்டு போன்றவற்றுக்கும் மாணவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. பிறகும் பள்ளிகள் ஏதேதோ பெயரில் வாங்கிக்கொண்டே இருந்ததால் 2010-ல் மறுபடி வழக்கு, 2012-ல் தனிச் சட்டம். ஆனால் ஏபி தேர்வுக்குக் கட்டணம் வாங்க அங்கே வழி விட்டிருக்கிறார்கள். தேர்வு எழுதுவது பாடத்தின் கட்டாயப் பகுதியாக இருக்கக் கூடாது, அதன் முடிவு வகுப்பு மதிப்பெண்ணைத் தொடக் கூடாது, வசதியில்லாதவர்களுக்கு உதவி இருக்க வேண்டும். இவைதான் நிபந்தனை.

வர்ஜீனியாவில் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். அங்கே ஏபி, அதைப் போன்ற இன்னொரு வகையான ஐபி பாடம் எடுத்தால் தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்று இருந்தது. 2010-ல் பட்ஜெட் நெருக்கடியில் தேர்வுக்கு 75 டாலர் கேட்டார்கள். 2011 ஜனவரியில் மாநில அட்டர்னி ஜெனரல், இப்படி வாங்க மாவட்டத்துக்கு அதிகாரம் இல்லை என்று கருத்துக் கொடுத்தார். மாவட்டம் வசூலை நிறுத்திக்கொண்டது.

ஆகவே தாமிரபரணி அக்கா, முதலில் உங்கள் பள்ளியின் பாட விவரக் கையேட்டை எடுத்துப் பாருங்கள். தேர்வு எழுதாவிட்டால் ஜிபிஏ-வின் கூடுதல் மதிப்பு கிடையாது, அல்லது ஆண்டிறுதித் தேர்வு தனியாக எழுத வேண்டும் என்று ஏதாவது ஒரு வரி இருந்தால், உங்கள் வாதம் பலமடங்கு கூடிவிடும். கட்டாயம் என்று சொல்லிவிட்டுக் காசும் கேட்பது எந்த மாநிலத்திலும் நிறுத்திக் கேட்க வேண்டிய விஷயம்.

கணக்கு டீச்சர்:

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஏபி கால்குலஸ் எடுக்கிறேன். முன்பு வேலை பார்த்த மாவட்டத்தில் கட்டணத்தை மாவட்டமே கட்டியது. இப்போது இருக்கிற மாவட்டத்தில் பெற்றோர்தான் கட்ட வேண்டும். இரண்டையும் வகுப்பறைக்குள்ளே இருந்து பார்த்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாவட்டம் கட்டின இடத்தில் தேர்வு அறையில் எல்லாரும் இருப்பார்கள். எல்லாரும் என்றால் எல்லாரும். பன்னிரண்டாம் வகுப்பில் சிலர், சேரப்போகிற கல்லூரி கிரெடிட் தராது என்று தெரிந்தவுடன், முதல் பக்கத்தில் பெயர் எழுதிவிட்டுத் தலையைச் சாய்த்துத் தூங்கியதும் உண்டு. விடைப் புத்தகத்தில் படம் வரைந்துவிட்டு வந்ததும் உண்டு. அது வீண் செலவு, நான் மறைக்க மாட்டேன்.

பெற்றோர் கட்டுகிற இடத்தில் நடப்பது வேறு. அது மே மாதம் நடப்பதில்லை, மார்ச் மாதமே தொடங்கிவிடும். பாடம் முடிந்து பழைய வினாக்களை எடுத்து மறுபார்வை ஆரம்பிப்போம். வகுப்பு அப்போது இரண்டாகப் பிரிந்துவிடும். தேர்வுக்குப் பெயர் கொடுத்தவர்கள் முன்னால் வருவார்கள். கொடுக்காதவர்கள் வேறு பாடத்தின் வீட்டுப்பாடத்தை எடுத்து வைத்துக்கொள்வார்கள். நான் யாரையும் அப்படி உட்காரச் சொல்வதில்லை. அவர்களாகவே மேசையை நகர்த்திக்கொள்வார்கள். அதில் ஒரு பையன், தொகையீட்டில் என் வகுப்பிலேயே வேகமானவன், பெயர் கொடுக்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டே நான் பலகையில் போடுகிற கணக்குக்கு விடையை முணுமுணுப்பான். மார்ச் தொடக்கத்தில் அவனிடம் கேட்டேன். "வீட்ல அக்டோபர்ல கார் ரிப்பேர் வந்துச்சு மிஸ்" என்றான். அவ்வளவுதான் காரணம். மார்ச்சில் வீட்டில் பணம் இருந்தது. ஆனால் நவம்பர் தேதி போய்விட்டது. அதற்கு மேல் ஆர்டர் போட்டால் தாமதக் கட்டணம் 40 டாலர் சேரும். அதையும் கேட்டுவிட்டு, வேண்டாம் மிஸ் என்றுவிட்டான்.

கரிசல் சார், "ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் கட்டுங்கள்" என்றீர்கள். சலுகை ஏற்கெனவே இருக்கிறது. காலேஜ் போர்ட் 37 டாலர் குறைக்கிறது, பள்ளி தன் 9 டாலரை விட்டுக்கொடுக்கிறது, மீதி 53. மாநிலமோ மாவட்டமோ அதையும் ஏற்றுக்கொள்ளாத இடத்தில், நான்கு தேர்வு எழுத அந்தக் குடும்பத்துக்கு 212 டாலர் ஆகிறது. வருமான வரம்பு வறுமைக்கோட்டின் 185 சதவீதம், அதாவது நான்கு பேர் குடும்பத்துக்கு 2025-26 கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,500 டாலர். அதற்கு ஒரு டாலர் மேலே போனால் சலுகை சுத்தமாக இல்லை.

படிவம் என்ற ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி வெளியே யாருக்கும் தெரிவதில்லை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இலவச மதிய உணவுப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவே மாட்டான். கூச்சம். சில வீடுகளில் அரசாங்கத் தாளில் வருமானம் எழுதக் குடியேறிய பெற்றோருக்குப் பயம். பள்ளி முழுவதுக்குமே உணவு இலவசம் என்று ஆகிவிட்ட இடங்களில் இன்னும் சிக்கல். அங்கே யாரும் உணவுப் படிவமே நிரப்புவதில்லை, அதனால் தேர்வுச் சலுகைக்குத் தனியாக இன்னொரு வருமானத் தாள் வாங்க வேண்டும். ஆலோசகர் ஒருவர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கிறார். யார் யாரைத் துரத்தித் துரத்திக் கையெழுத்து வாங்குவார்?

தூங்கின பிள்ளைகளால் போன காசு எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் அந்தப் பையன் எழுதாமல் போனதுதான் என்னால் தாங்க முடியாதது.

கரிசல்:

டீச்சர், நீங்கள் சொன்ன பையன் விஷயம் மனதைக் கஷ்டப்படுத்துகிறது. மறுக்கவில்லை. ஆனால் அது காட்டுவது தேதியின் கோளாறு அல்லவா? அக்டோபரில் பணம் கேட்பதால்தானே வந்தது. தவணையில் கட்ட விடலாம். பள்ளி முதலில் தன் நிதியிலிருந்து ஆர்டர் போட்டுவிட்டு, பெற்றோரிடம் மார்ச் வரை வாங்கிக்கொள்ளலாம். எல்லாருக்கும் இலவசம் என்று போகாமலே அவனைக் காப்பாற்றியிருக்கலாம்.

காசு போட்டவனுக்குத்தான் அக்கறை வரும் என்பதும் பொய்யில்லை. நீங்களே தூங்கினவர்களைச் சொன்னீர்கள்.

கணக்கு டீச்சர்:

பெற்றோர் காசு கட்டின மாவட்டத்திலும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தூங்கியிருக்கிறார்கள் சார். காசு போட்டது அப்பா, தூங்கினது பிள்ளை.

தவணை யோசனை நல்லதுதான், இல்லாததற்கு அது மேல்.

மூணாம் வருஷம்:

வணக்கம். நான் மாநிலப் பல்கலைக்கழகத்துல இப்ப மூணாம் வருஷம் படிக்கிறேன். கரிசல் அண்ணா டார்ட்மத்தைச் சொன்னாங்க. நம்ம பிள்ளைங்கள்ல எத்தனை பேர் டார்ட்மத் போறோம்? பெரும்பாலானவங்க மாநிலப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போறோம். அங்க கதையே வேற. இல்லினாய்ல அரசுப் பல்கலைக்கழகம் எதுவா இருந்தாலும் 3-க்கு கிரெடிட் குடுத்தே ஆகணும்னு சட்டமே இருக்கு. டெக்சாஸ் மாதிரி வேற மாநிலங்கள்லயும் இந்த மாதிரி விதி இருக்கு.

என் விஷயத்தைச் சொல்றேன். கால்குலஸ் பிசி-ல 5 வாங்கினேன், முதல் ரெண்டு கணக்குப் பாடம் எடுக்கவேண்டியதில்லாம போச்சு. ஆங்கிலத்துக்கும் வரலாறுக்கும் சேர்த்து, ஒரு செமஸ்டர் முன்னாடியே பட்டம் வாங்கிடுவேன். ஒரு செமஸ்டர் ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் மிச்சம். எங்க பள்ளி மாவட்டம் தேர்வுக் கட்டணத்தைக் கட்டிச்சு. இல்லேன்னா எங்க வீட்டுல ரெண்டு தேர்வோட நிறுத்தியிருப்பாங்க. வரலாறு நிச்சயமா எழுதியிருக்க மாட்டேன், ஏன்னா அக்டோபர்ல அதுல எனக்கு சி கிரேடு. மே-ல 4 வந்துச்சு.

தாமிரபரணி அக்கா சொன்ன பொண்ணு மாதிரி "கண்டிப்பா வரும்"னு தெரிஞ்சதை மட்டும் எழுதியிருந்தா அந்த 4 இல்ல. அதான் நான் சொல்ல வந்தது.

குமரிக்கடல்:

இங்கே யாரும் காலேஜ் போர்டைத் தொடவே இல்லையே. லாப நோக்கமற்ற அமைப்பு என்ற பெயர். ஆண்டுக்கு 50 லட்சத்துக்கும் மேல் தேர்வுத்தாள்கள். ஒன்றுக்கு 99 டாலர். அரசாங்கமே மொத்தமாகக் கட்டிவிட்டால் விலை ஏறுவதை எந்தப் பெற்றோரும் உணர மாட்டார்கள், கேள்வி கேட்கிறவரும் இருக்க மாட்டார்கள். 2025-லிருந்து பெரும்பாலான பாடங்களுக்குத் தேர்வு கணினியில். தாள் அச்சடித்து, பெட்டி கட்டி அனுப்பும் வேலை குறைந்திருக்கிறது. கட்டணம் குறைந்ததா?

அப்புறம், பள்ளிகள் ஏபி-யைப் பிடித்துத் தொங்குவதில் தரவரிசை ஆசையும் இருக்கிறது. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் பட்டியல் பல ஆண்டுகள், எத்தனை தேர்வு எழுதினார்கள் என்பதை வைத்தே பள்ளிகளை வரிசைப்படுத்தியது. எவ்வளவு மதிப்பெண் வாங்கினார்கள் என்பதை வரிசைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. கட்டணம் இலவசம், தேர்வு கட்டாயம் என்று ஒரு மாவட்டம் அறிவித்தால் அது பிள்ளைகளுக்காகவா, பட்டியலுக்காகவா என்று நான் கேட்பேன்.

என் யோசனை: சமுதாயக் கல்லூரியோடு சேர்ந்து நடத்துகிற இரட்டைச் சேர்க்கைப் பாடங்களுக்கு அந்தப் பணத்தைப் போடுங்கள். அங்கே ஒரே நாள் தேர்வில் எல்லாம் முடிவாவதில்லை. ஆண்டு முழுக்கப் படித்து பாஸ் செய்தால் கிரெடிட்.

பாலாறு:

குமரிக்கடல் சார் சொல்வதில் விலை விஷயம் உண்மை. ஒன்று சேர்க்கிறேன். முன்பு மத்திய கல்வித் துறையில் ஏழை மாணவர்களின் ஏபி கட்டணத்துக்கென்றே தனி மானியத் திட்டம் இருந்தது. 2015 டிசம்பரில் வந்த கல்விச் சட்டம் அதைத் தனியாக வைக்காமல், பல திட்டங்களோடு கலந்து ஒரே தொகுப்பு நிதியாக மாநிலங்களுக்குக் கொடுத்துவிட்டது. அந்தத் தொகுப்பில் மனநல ஆலோசகர், கணினி, கலைப் பாடம் எல்லாவற்றோடும் ஏபி கட்டணம் போட்டி போட வேண்டும். சில மாநிலங்கள் தம் பையிலிருந்து போட்டு ஈடுகட்டின. சில விட்டுவிட்டன. ஒரே வருமானமுள்ள இரண்டு குடும்பங்களில் ஒன்று பூஜ்யமும் மற்றது 53 டாலரும் கட்டுவது இப்படித்தான்.

இரட்டைச் சேர்க்கை நல்லது. ஆனால் அந்த கிரெடிட் பெரும்பாலும் சொந்த மாநிலக் கல்லூரிகளில்தான் சிக்கல் இல்லாமல் செல்லும். வெளி மாநிலம் போகிற பிள்ளைக்கு ஏபி மதிப்பெண்தான் எளிதாகப் பேசும்.

ராலேவாசி:

குமரிக்கடல் அண்ணாவுக்கு ஒரு பதில். அரசாங்கம் மொத்தமாக வாங்கினால்தான் பேரம் பேச முடியும். தனித்தனியாக 99 டாலர் கட்டுகிற லட்சக்கணக்கான பெற்றோரால் என்ன பேரம் பேச முடியும்? ஒரு மாநிலம் எங்கள் எல்லாப் பள்ளிக்கும் சேர்த்து வாங்குகிறோம் என்று உட்கார்ந்தால் அதற்கு ஒரு பலம் உண்டு.

தேர்வு கட்டாயம் என்பதில் மட்டும் உங்களோடு உடன்படுகிறேன். இங்கே பணம் மாநிலம் கட்டுவதால் எழுதித்தான் ஆக வேண்டும் என்ற அழுத்தம் பள்ளியில் இருக்கிறது. பெரியவன் ஒரு பாடத்தில் எழுத விரும்பவில்லை. எழுத வைத்தார்கள். 2 வந்தது. கெட்டுப்போனது ஒன்றும் இல்லை, ஆனால் விருப்பமில்லாத பிள்ளையை எழுத வைக்கத் தேவையும் இருக்கவில்லை.

தாமிரபரணி:

எல்லாருக்கும் நன்றி. பாலாறு தம்பி சொன்னபடி பாடக் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கள் பள்ளியில் தேர்வு கட்டாயம் இல்லை. ஆனால் ஏபி தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பாடத்தின் இறுதித் தேர்விலிருந்து விலக்கு என்று ஒரு வரி இருக்கிறது. 99 டாலர் கட்டின பிள்ளைக்கு ஜூன் மாதம் ஒரு தேர்வு குறைவு. கட்டாத பிள்ளை எழுத வேண்டும். இதை நான் இவ்வளவு நாள் கவனிக்கவே இல்லை. இது பணத்துக்குக் கிடைக்கிற சலுகை என்று கூட்டத்தில் நேரே சொல்லப்போகிறேன்.

நான் கேட்கப்போவது இது. ஏபி பாடத்தில் சேர்ந்த எல்லாருக்கும், வருமானம் கேட்காமல், மாவட்டம் கட்டட்டும். எழுதுவதும் விடுவதும் பிள்ளையின் விருப்பம். பெயர் கொடுத்துவிட்டுக் காரணமில்லாமல் வராதவர்களுக்கு, காலேஜ் போர்ட் பள்ளியிடம் பிடிக்கிற 40 டாலரை மட்டும் வீட்டிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். உடம்பு சரியில்லை என்றால் அதுவும் வேண்டாம், பின்தேதித் தேர்வுக்கு அனுப்புங்கள்.

கரிசல் அண்ணா, 72,000 டாலர் கணக்கை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மாவட்டம் முதலாண்டிலேயே முழுதும் தர முடியாது என்றால், ஒவ்வொரு மாணவருக்கும் முதல் இரண்டு தேர்வு இலவசம் என்று தொடங்கட்டும். அந்தப் பெண் மூன்றாவதைப் பற்றி வீட்டில் பேசட்டும். ஒன்றோடு நின்றுவிடுகிற நிலை இருக்கக் கூடாது. எல்லாருக்கும் என்பதில் மட்டும் நான் இறங்கமாட்டேன். படிவத்தைப் பற்றி டீச்சர் எழுதியதைப் படித்த பிறகு நிச்சயமாக இல்லை.

கரிசல்:

முதல் இரண்டு எல்லாருக்கும், அதற்கு மேல் வருமானம் பார்த்து என்றால் நானே வந்து ஆதரித்துப் பேசுவேன். எங்கள் மாவட்டத்திலும் இதையே கேட்கலாம். அந்த இறுதித் தேர்வு விலக்கு சரியே இல்லை, அதை உடனே எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

கணக்கு டீச்சர்:

கூட்டம் எப்போது நடந்தாலும், இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று செய்யலாம். சலுகைக்குத் தகுதி உள்ளவர்களைப் பள்ளியின் ஏபி ஒருங்கிணைப்பாளர் கணினியில் குறிக்க ஏப்ரல் கடைசி வரை நேரம் உண்டு. நவம்பரில் முழுத் தொகை கட்டியவர்களும் தகுதி இருந்தால் இப்போது கேட்கலாம். பகுதிநேர வேலையில் நேரம் குறைந்து வருமானம் இறங்கியிருந்தால் அந்தப் பெண்ணின் வீட்டாரே இப்போது தகுதிக்குள் வந்திருக்கலாம். அவள் அம்மாவை நேரே ஆலோசகரிடம் போகச் சொல்லுங்கள் தாமிரபரணி. பிள்ளையிடம் தாள் கொடுத்தனுப்ப வேண்டாம்.

தாமிரபரணி:

நாளைக்கே அவங்க அம்மாகிட்ட பேசுறேன் டீச்சர். நானும் கூடவே போறேன்.